காபி குடித்த முயல்

சைக்கிள் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் தோட்டா. கடைப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் தபால்காரரும் வரி கேட்டு வருகிறவரும் மட்டுமே. மற்ற எல்லாருக்கும் அவர் தோட்டாதான். ஐம்பத்திரண்டு வயது. பஞ்சர் ஒட்டுகிறவரின் விரல்கள், படைத்தளபதியின் மீசை. இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவின் முழு நீளத்துக்கும் சைக்கிளை மெதுவாக மிதித்துப் போவார். சீக்கிரம் போக வேண்டுமென்றால் பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது. ஆனால் சந்தில் ஜன்னல்கள் கிடையாது. ஜன்னல் இல்லாத வழியில் வேட்டைக்குப் போவதும் ஒன்று, போகாமல் இருப்பதும் ஒன்று.

லைசென்ஸ் எல்லாம் முறையாக உண்டு. ஊருக்கு வெளியே முட்டைக்கோஸ் தோட்டங்களை முயல்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்ததால், தோட்டக்காரர்களே 'வாங்க, வந்து சுடுங்க' என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தார்கள். மதியம் மூன்று மணிக்குத் தோட்டா திரும்பி வருவார். ஹேண்டில்பாரில் பழுப்பு நிற முயல் ஒன்று தலைகீழாகத் தொங்கும். ஞாயிறு மதியம் அவர் வீட்டு மேஜையில் முயல் கறி. பேக்கரிக்காரர் சூடாக ரொட்டி கொண்டுவருவார். கணக்கு வாத்தியார் பசி கொண்டுவருவார். முயலுக்கு நாலு கால், மேஜைக்கு நாலு பேர்: அவர்கள் இருவர், தோட்டா, தோட்டாவின் வீட்டுக்காரி. காலுக்கு ஒரு ஆள் என்று வாத்தியார் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கறியில் எப்படியும் இரண்டு மூன்று குண்டுகள் கிடக்கும். கடிக்கிறவருக்கு அந்த மாதம் அதிர்ஷ்டம் என்பது மேஜைச் சட்டம். பேக்கரிக்காரர் தனக்குக் கிடைத்த இருநூற்று முப்பத்தொரு குண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். வாத்தியாருக்கு அதிர்ஷ்டம் குறைவு. கிடைத்த எழுபதில் ஒன்று கடைவாய்ப் பல்லையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இத்தனையிலும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றே ஒன்று. பதினைந்து வருடத்தில் தோட்டா ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

சுடவே இல்லை என்று சொன்னால் அபாண்டம். மூன்று முறை சுட்டிருக்கிறார். ஒரு மின்கம்பம், ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, கிளையில் மாட்டி வைத்திருந்த அவருடைய சொந்தத் தொப்பி. தொப்பியில் பட்ட குண்டும் தொப்பிக்கு வைத்த குறி அல்ல என்பதும் உண்மை. முதல் வேட்டையன்று வெறுங்கையோடு திரும்பியபோது, தெரு முனையில் பேக்கரிக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. வண்டி தானாகத் திரும்பிற்று. ஊரின் மறுகோடிச் சந்தையில், பண்ணை முயல் விற்கிற அம்மாவிடம் போய்த்தான் நின்றது. அன்றைக்குத் தப்பித்த மானம், அதற்கப்புறம் மாதா மாதம் அதே கடையில் வாடிக்கையாகிவிட்டது. அந்த அம்மாவும் விவரமானவர். வெள்ளை முயல்களை ஊருக்கு விற்றுவிட்டு, பழுப்பில் ஒன்றை ஒதுக்கி வைப்பார். "வாங்கய்யா, உங்க காட்டு முயல் காலையிலேர்ந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். தோட்டா அதை மண்ணில் நன்றாக ஒரு புரட்டுப் புரட்டி, காதுக்குப் பின்னால் இரண்டு ஒட்டுமுள்ளைச் செருகி எடுத்து வருவார். வேலை என்று எடுத்துக்கொண்டால் அரைகுறை அவருக்குப் பிடிக்காது.

அந்தச் சுத்தம்தான் குண்டு விஷயத்திலும். சுட்ட முயலில் குண்டு இருக்க வேண்டுமே? ஈயம் உடம்புக்கு ஆகாது என்று எங்கோ படித்திருந்தார். நம்பி வந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஈயத்தைக் கொடுக்க அவர் மனசாட்சி இடம் தரவில்லை. கடையில் கிண்ணம் கிண்ணமாகப் பால்ரஸ் கிடந்தது. சக்கரத்தின் அச்சில் உருளுமே, அந்த எஃகுக் குண்டு. அதில் மிகச் சிறியதாக மூன்று பொறுக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, வெந்நீரில் கொதிக்க வைத்து, சமைக்கப்போகும் கறிக்குள் கட்டைவிரலால் அழுத்திவிடுவார். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. தெருவில் சைக்கிள் இல்லாத வீடே கிடையாது. ஆனாலும் பதினைந்து வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பல்லில் படுகிற பொருளை யாரும் சக்கரத்தோடு சேர்த்து யோசிப்பதில்லை.

அவர் வீட்டுக்காரி முன்னறையில் மிஷின் போட்டு ஆஸ்பத்திரிப் பணியாளர்களுக்குச் சீருடை தைப்பவள். தையல்காரியின் கண்ணை ஏமாற்ற முடியுமா? முதல் முயலை அறுத்த அன்றைக்கே கத்தி நின்றுவிட்டது. சிறுநீரகத்தைச் சுற்றி வெண்ணெய்க் கட்டி போலக் கொழுப்பு.

"ஏங்க, காடு பூரா ஓடுற முயலுக்கு ஏதுங்க இத்தனை கொழுப்பு?"

"வசதியான காடு" என்றார் தோட்டா.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. புருஷன் வாயால் விட்டதை அவள் கையால் கட்ட ஆரம்பித்தாள். பண்ணைக் கறி வெள்ளை வெளேரென்று, சாதுவாக, கோழிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. அதை வினிகரிலும் மிளகிலும் தட்டிய பூண்டிலும் ராத்திரி முழுக்க ஊறப் போட்டாள். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி, தவிட்டு நிறம் தாண்டி, 'ஐயோ கருகிடுச்சே' என்பதற்கு ஒரு நிமிடம் முன்புவரை வதக்கினாள். கடைசியில், காலையில் மிஞ்சிய கறுப்புக் காபியை அரை டம்ளர் ஊற்றி மூடி வைத்தாள். கறி கறுத்தது. லேசாக ஒரு கசப்பு, ஒரு புகை, பெயர் வைக்க முடியாத ஒரு முரட்டு வாசனை. பேக்கரிக்காரர் முதல் வாயிலேயே கண்ணை மூடிவிட்டார். "ஆகா! காடுன்னா காடுதான்யா!" என்றார். பதினைந்து வருடமாகப் பாராட்டெல்லாம் காட்டுக்கும் துப்பாக்கிக்கும் போயிற்று. காபிக்கும் அதை ஊற்றிய கைக்கும் ஒன்றும் வரவில்லை.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் வனக்காவலர் வந்து ஏறினார். முப்பது வருடம் காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். பேக்கரி மாடிக்கு வாடகைக்கு வந்திருந்தார். பேக்கரிக்காரர் அவரைப் பெருமையோடு ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு இழுத்து வந்தார்.

"சார், நீங்க காட்டுகிட்ட சம்பளம் வாங்கினவர். எங்க தோட்டா காட்டுக்கே சம்பளம் குடுக்கிறவர்!"

வீட்டுக்காரி தன் காலை, அதாவது முயலின் நாலாவது காலை, விருந்தாளி தட்டில் வைத்தாள். "எனக்கு எப்பவுமே முதுகுக் கறிதான் பிடிக்கும்" என்றாள். இந்தப் பொய்யை எல்லா வீட்டிலும் நம்புவார்கள்.

மூன்றாவது வாயில் டக் என்று சத்தம். "அடிச்சுது அதிர்ஷ்டம்! முதல் நாளே குண்டு!" என்று கை தட்டினார் பேக்கரிக்காரர். வனக்காவலர் குண்டைத் துடைத்து மேஜையில் வைத்தார். அது உருள ஆரம்பித்தது. தண்ணீர் ஜாடியைக் கடந்து, ரொட்டித் தட்டைக் கடந்து, கொஞ்சமும் தள்ளாடாமல் நேர்கோட்டில் போய், மறுகோடியில் உப்புச் சீசாவில் டிங் என்று முட்டி நின்றது.

"நல்லா உருளுதே. எங்க வாங்குறீங்க?" என்றார் வனக்காவலர்.

"வெளியூர்லேர்ந்து வரவழைக்கிறது."

"எலும்புல பட்டும் நசுங்கவே இல்லையே?"

"எலும்புல படாம சுடுறதுதானே சார் தொழிலு" என்றார் தோட்டா, மீசையில் இருந்த குழம்பைத் துடைத்துக்கொண்டே.

வனக்காவலர் தலையசைத்தார். பிறகு அகப்பையோடு நின்ற வீட்டுக்காரியைப் பார்த்து, "நான் முப்பது வருஷமா காட்டு முயல் சாப்பிடுறவன்ம்மா. இவ்வளவு நல்லா ஒண்ணுகூட இருந்ததில்ல" என்றார். அகப்பை அந்தரத்தில் நின்றது. பதினைந்து வருடத்தில் அவள் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். கூடவே அது எச்சரிக்கை மணியும்தான்.

"அடுத்த வேட்டைக்கு நானும் வரலாமா?" என்று வனக்காவலர் கேட்டார், எழுந்து கை கழுவப் போகிறபோது.

"தாராளமா வாங்க சார். தனியாப் போய்ப் போய் எனக்கும் போர் அடிச்சுப்போச்சு" என்று சொல்லியது தோட்டாவின் வாய். மற்ற உறுப்புகளை அது கலந்தாலோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில், பதினைந்து வருடமாக மூடி வைத்திருந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் முதல்முறையாகத் திறந்தார்கள்.

"அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"என்ன தெரிஞ்சுபோச்சா? மாசா மாசம் முயலுக்குக் காபி ஊத்துறவ நான். என்கிட்டயேவா?"

தோட்டா தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். "காபியா ஊத்துற?"

"பின்ன? காடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

தோட்டா தட்டைக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "சைக்கிள் ரிப்பேர் பண்றவன் இந்த ஊர்ல நாலு பேர் இருக்கான்டி. தோட்டா ஒருத்தன்தான். அது போச்சுன்னா நான் அஞ்சாவது ஆளாக்கூட இருக்க மாட்டேன்."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

"முதல் நாளே அப்படிச் சொன்னா பயந்துட்டான்னு ஆயிடும்."

"அப்ப?"

"முந்தின நாளே போய் ஒரு முயலைப் புதருக்குள்ள வெச்சுட்டு வந்துடறேன். நான் சுடுவேன், போய் எடுத்துட்டு வருவேன்."

"செத்த முயல் சில்லுனு இருக்குமே. அவர் தொட்டுப் பார்க்க மாட்டாரா? காட்டுலயே இருந்த மனுஷனுங்க அவர்."

"அப்ப சுட்டுத்தான் ஆகணும்" என்றார் தோட்டா, வேறு யாரோ சுடப்போவது போல.

மாதம் முழுக்கக் கடைக்குப் பின்னால் டப்பாக்களை அடுக்கிக் குறி பழகினார். டப்பாக்களுக்குச் சேதமில்லை. சுவருக்குத்தான் அம்மை போட்டது. ஆனால் சனிக்கிழமை காலை தெருவில் இறங்கியபோது தோளும் மீசையும் வழக்கம் போலவே நிமிர்ந்திருந்தன. பக்கத்தில் வனக்காவலரின் சைக்கிள். அதற்குப் போன வாரம்தான் தோட்டா காற்றடித்துக் கொடுத்திருந்தார். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன.

முட்டைக்கோஸ் தோட்டத்து வேலியோரம் இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள். பனி காலை நனைத்தது. அரைமணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வரப்பின் மேல் இரண்டு முயல்கள் வந்தன. ஒன்று இடப்பக்கம் நின்று காதைச் சொறிந்தது. மற்றது வலப்பக்கம் இலையைக் கடித்தது. தோட்டா இடப்பக்கத்து முயலைக் குறி வைத்தார். மூச்சை அடக்கினார். சுட்டார். வலப்பக்கத்து முயல் விழுந்தது.

"நல்ல குறி" என்றார் வனக்காவலர்.

"இடது பக்கம் இருந்தது சின்னது சார். பொழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நடந்து போய்க் குனிந்து எடுத்தார். சந்தை முயல் எப்போதும் குளிர்ந்திருக்கும். இது சூடாக இருந்தது. ஒட்டுமுள் யாரும் செருகாமலே காதுக்குப் பின்னால் இருந்தது. பின்னங்கால் ஒன்றைக் குண்டுகள் சிதறடித்திருந்தன. எலும்பும் தோலுமாக அது தொங்கியது. தோட்டாவின் கை அதன் காதை மெல்லத் தடவிக்கொடுத்தது. அவர் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வனக்காவலர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வந்த வேலை முடிந்துவிட்டது போலிருந்தது.

வீட்டில் முயலை அறுத்த வீட்டுக்காரி வாய் திறந்தபடி நின்றாள். கொழுப்பு பொட்டுக்கூட இல்லை. கறி செக்கச் செவேலென்று, கயிறு கயிறாக இருந்தது. "நிஜமாவே சுட்டீங்களா?" என்றாள்.

"என்னடி இது, இப்பப் போய்க் கேக்குற?"

"இல்லீங்க, இதை எப்படிச் சமைக்கிறதுன்னே எனக்குத் தெரியாதே!"

சிதைந்த காலை வெட்டி எறிந்தாள். கண்ணில் பட்ட ஈயக் குண்டுகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தாள். ஊறப் போட்டாள். மறுநாள் கிளறும்போது காபி டம்ளரைக் கையில் எடுத்து, யோசித்து, கீழே வைத்துவிட்டாள். நிஜக் காட்டுக்குப் பொய்க் காடு எதற்கு? வேகட்டும் என்று இரண்டரை மணி நேரம் விட்டாள். கறி அப்போதும் தன் பிடிவாதத்தை விடவில்லை.

மேஜையில் பேக்கரிக்காரர் முதல் வாயை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். வாத்தியாரும் மென்றார்.

"என்னய்யா இது?" என்றார் பேக்கரிக்காரர் ஒருவழியாக. "காட்டு வாசனையே இல்லையே?"

"கறி வேற ரப்பர் மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார். அடுத்த கணம் கன்னத்தைப் பிடித்தார். ஊசிக்குத் தப்பிய ஈயக் குண்டு ஒன்று, சப்பையாக, சாம்பல் நிறத்தில் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பார்த்தார். மற்றவர்களுக்கும் காட்டினார். "குண்டுன்னா உருண்டையா, பளபளன்னு இருக்கும். எத்தனை பார்த்திருக்கோம்! இது யாரோ தட்டித் தட்டிச் செஞ்ச போலி."

பேக்கரிக்காரர் சட்டியைக் கரண்டியால் துழாவினார். "அது சரி, நாலாவது கால் எங்க?"

"மூணு கால்தான்" என்றார் தோட்டா.

 பிறகு வாத்தியார் மேஜையை ஓங்கித் தட்டினார். "தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சொல்லுவாங்களே, அது இதுதானா? தோட்டா, உண்மையைச் சொல்லுங்க. இது பண்ணை முயல்தானே?"

வனக்காவலர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "இல்லைங்க. நான் கூடவே இருந்தேன். என் கண்ணால..."

"சார், நீங்க பெரிய மனசு உள்ளவர், காப்பாத்தப் பார்க்கிறீங்க" என்றார் பேக்கரிக்காரர். "ஆனா எங்க நாக்கு பதினஞ்சு வருஷ நாக்கு."

தோட்டாவுக்குக் காது சிவந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் உண்மை இருந்தது, சாட்சி இருந்தது, அரசாங்கச் சம்பளம் வாங்கிய சாட்சி. வாயைத் திறந்தார். மனக்கண்ணில் பேக்கரிக்காரரின் கண்ணாடிக் குப்பி தெரிந்தது. இதுதான் காட்டு முயல் என்று இவர்கள் நம்பிவிட்டால், இத்தனை நாள் சாப்பிட்டது என்ன என்று திங்கட்கிழமைக்குள் பேக்கரிக்காரர் கேட்பார். கணக்கு வாத்தியார் இன்றைக்கே கேட்பார். சமையலறை வாசலில் வீட்டுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தோட்டா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பெரிதாகச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களேய்யா! பண்ணை முயல்தான். சந்தையில வாங்கினது. காட்டுல வந்தது ரெண்டும் குட்டி, மனசு வரல. சாரைக் கெஞ்சிக் கேட்டுத்தான் இப்படிச் சொல்லச் சொன்னேன். உங்க நாக்கு எப்படியிருக்குன்னு ஒரு சோதனை வெச்சேன்னு வெச்சுக்குங்க."

"எங்ககிட்டயேவா!" என்றார் பேக்கரிக்காரர். வெற்றியில் அவர் முகம் ரொட்டி போல உப்பிற்று. "அடுத்த மாசம் ஒழுங்கா நிஜ முயலைக் கொண்டா!"

வாசலில் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அகப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா ஆச்சு?" என்று வாத்தியார் கேட்டதற்கு, "புகைங்க, கண்ணு எரியுது" என்றாள்.

எல்லாரும் போன பிறகு மிச்சக் கறியை அவள் மூடி வைத்தாள். "ஏங்க, நிஜமாச் சுட்டதைப் போய் இல்லைன்னுட்டீங்களே. மனசுக்குக் கஷ்டமா இல்ல?"

"நான் சுட்டேன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அந்த முயலுக்கு நல்லாவே தெரியும். போதாதா?" என்றார் தோட்டா. பிறகு கொஞ்சம் யோசித்து, "அடுத்த தடவை காபி ஒரு முழு டம்ளராவே ஊத்து" என்றார்.

அடுத்த மாதம் சந்தை அம்மா பழுப்பு முயலோடு காத்திருந்தார். ஞாயிறு மதியம் பேக்கரிக்காரர் கண்ணை மூடி, "இது! இதுதான்யா காடு!" என்றார். தோட்டா ரொட்டியைப் பிய்த்தபடி, யாருக்கும் அல்லாமல் பொதுவாக, "காட்டுல ஒண்ணும் இல்லய்யா, எல்லாம் இவ கை" என்றார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இருவரும் அவர் முதுகில் தட்டினார்கள். வீட்டுக்காரி மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வனக்காவலர் முதுகுக் கறிதான் வேண்டும் என்று அடம்பிடித்ததால், நாலாவது கால் அவளுக்கே திரும்பி வந்தது. அவர் பல்லில் டக் என்று சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவர் தட்டில் ஒன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை காலை வனக்காவலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"முன் சக்கரம் கொஞ்சம் கரகரங்குது. உள்ள ஒரு பால்ரஸ் குறையுதோ என்னமோ." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. இதையே போட்டுடுங்க, தோட்டா."

தோட்டா சக்கரத்தைக் கழற்றினார். கிரீஸ் தடவி, அந்தக் குண்டை வரிசையில் அதன் இடத்தில் வைத்து மூடி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. அது நிற்கிற வழியாகவும் தெரியவில்லை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள்.

"அளவு சரியா இருக்கு" என்றார் வனக்காவலர்.

"வெளியூர் சரக்கு சார்" என்றார் தோட்டா.